ஒத்தச் சாவி

"பூட்டு ஒண்ணுதானுங்களே, சாவியும் ஒண்ணு போதுமுங்க" என்று சொல்லி, அதையும் கைருதீனிடம் கொடுத்துவிட்டார் மருதாசலம்.

மயில்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஷெட்டை நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்ட மனுஷன், ஆளுக்கொரு சாவி தரக் கூடாதா? எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவர் என்று திருப்பூரே சொன்னது சரிதான்.

சீமையிலிருந்து மிஷின் வரவழைக்க லைசென்ஸ் கிடைக்காத அறுபத்தைந்தாம் வருஷம். பனியன் துணி பின்னும் மிஷினைத் தானே செய்துவிடுவதென்று, உழவு மாடு இரண்டையும் விற்று லேத் வாங்கியிருந்தான் மயில்சாமி. கோட்டுக்கு அந்தப் பக்கம் கைருதீன் பின்னல் ஊசி செய்தான். அவன் தலை தெரிந்தாலே மிஷினைச் சாக்கால் மூடிவிடுவான் மயில்சாமி. தொழில் ரகசியமாம்!

காலையில் சாவிக்காக இவன் வாசலில் காத்துக் கிடப்பான். சாயங்காலம் பூட்டுவதற்காக அவன் உட்கார்ந்திருப்பான்.

ஐந்து மாதமாகியும் துணியில் ஓட்டைதான் விழுந்தது. "நாளையிலிருந்து பழைய கம்பெனிக்கே கூலிக்குப் போக வேண்டியதுதான்" என்று ஒரு சாயங்காலம் மயில்சாமி தலையில் கைவைத்துக்கொண்டான். சாக்கை எடுத்து மூடக்கூடத் தோன்றவில்லை.

காத்திருந்த கைருதீன் கோட்டைத் தாண்டி வந்தான்.

"தப்பா நெனைக்காதீங்க. மிஷினு நல்லாத்தானுங்க இருக்குது. ஊசி நாக்குத்தான் மடங்க மாட்டீங்குது. நான் செஞ்சு தரட்டுங்களா?"

"எனக்காக நீங்க எதுக்குங்க பாய் மெனக்கெடோணும்?"

"எம்பட ஊசியப் போட்டுப் பாக்க எங்கிட்ட ஏதுங்க மிஷினு?"

பத்தே நாளில் துணி பொத்தலில்லாமல் இறங்கியது. சுண்ணாம்புக் கோடு கால் பட்டே அழிந்தது. மூன்றாம் வருஷம் இருவரும் கூட்டாகச் சொந்த ஷெட்டே கட்டிவிட்டார்கள்.

காலி செய்யும் நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். மருதாசலம் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே அதே அச்சில் இன்னொரு சாவி, ஒரு நாளும் பூட்டுக்குள் போகாமல், புதுக் கருக்கு அழியாமல் கிடந்தது.

இருவரும் பார்த்துவிட்டார்கள். மருதாசலம் டிராயரை மூடினார். மயில்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு சாவி இருந்திருந்தால் அன்றைக்குக் கைருதீன் காத்திருந்திருப்பானா? இந்த மனுஷனையா மூன்று வருஷமாகக் கஞ்சன் என்றோம்!

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவனை, அந்த ஷெட்டுக்கு இன்னொருத்தனோடு அடுத்து வாடகைக்கு வரப்போகும் ஆறுச்சாமி பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ணா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சாவிதான் தருவாராமா! இன்னொண்ணு இருக்கோணுமல்லங்க?"

மயில்சாமி கைருதீனைப் பார்த்தான்.

"இல்லீங்க தம்பி. அந்தப் பூட்டுக்கு ஒத்தச் சாவிதானுங்க" என்றான், கொஞ்சமும் கூசாமல்.