பின்கதவுச் சத்தம்

"கட்டி வத்திடுச்சு ராஸ்! பழைய அளவுல பாதிகூட இல்ல!"

டாக்டர் பிரிட்ஜெட் ஸ்கேன் படத்தோடு வந்து சொன்னதும் ராஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நெட் பிழைத்துக்கொண்டான். வெயிலென்றும் புழுதியென்றும் பார்க்காமல் பத்து வருஷமாக ஆட்டுப் பண்ணையில் கூடவே உழைத்தவன். அவனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று கேட்ட அன்று ராஸ் சாப்பிடவே இல்லை. டப்போ நகரம் வரை வண்டியில் ஏற்றிவந்து ஊசி போட்டது வீண்போகவில்லை.

"அப்படி என்ன ஊசி அது?" ராஸின் மனைவி கிளெனிஸ் கேட்டாள்.

"உடம்பைக் காக்குற அணுக்கள்ல ஒரு கூட்டம் கட்டியோட சேர்ந்துக்கிச்சு. சண்டைக்கு வந்த மத்த அணுக்களை, 'இங்க ஒண்ணுமில்ல, போங்கப்பா'ன்னு திருப்பி அனுப்பிட்டிருந்துச்சு. கட்டி ஜாலியா வளர்ந்துச்சு. இந்த ஊசி அந்தத் துரோகிக் கூட்டத்தை உள்ளே விடல. அவ்வளவுதான்."

"அடப்பாவிங்களா!" என்றார் ராஸ். "பட்டிக்குள்ள டிங்கோ காட்டுநாயை விட்டுட்டு, வாசல்ல நின்னு நம்மளை விரட்டுற கதையால்ல இருக்கு!"

"அதேதான். நெட் உள்ளேதான் படுத்திருக்கான், இப்பக் கூட்டிட்டு வந்துடுவாங்க. ஆமா, மூத்திரம் சிரமமில்லாம போறானா?"

"அதெல்லாம் ஜோரா போறான் டாக்டர்!"

"ராத்திரி எழுந்திரிக்கிறானா?"

"எங்கே! ஒரு மாசமா படுத்தா விடியுற வரைக்கும் குறட்டைதான்."

கிளெனிஸின் சிரிப்பு நின்றது.

"அப்போ ராத்திரியில நாலஞ்சு தடவை பின்கதவு திறக்குதே, அது யாரு? நெட்டுக்குத் துணையாப் போறேன்னு தானே சொன்னே?"

ராஸ் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராஸ்! உன்னைத்தான்!"

"அது... எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான். டாக்டர், அந்த ஊசியில ஒண்ணு மிச்சமிருக்குமா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்ல ஆளு! அவனுக்குன்னா இவ்வளவு தூரம் ஓடி வர்றீங்க, உங்களுக்குன்னா வாயே திறக்கல. பயப்படாதீங்க, வெறும் வீக்கமாவும் இருக்கலாம். ஆனா நான் நாலு கால் உள்ளவங்களுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன். மனுஷங்க டாக்டர் எதிர்க் கட்டடம்."

கிளெனிஸ் ராஸின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவர் திரும்பி ஓடிவிடாதபடி, பட்டிக்கு ஆட்டை ஓட்டும் அதே பழக்கத்தில் அவருடைய குதிகாலை முகர்ந்துகொண்டு, வாலை ஆட்டியபடி பின்னாலேயே வந்தான் நெட்.