கறுத்த கொலுசு

"போட்டு மூணு மாசம்கூட ஆகல. எப்படிக் கறுத்துப்போச்சு பாருங்க!"

குழந்தையின் காலிலிருந்து கொலுசைக் கழற்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிக் காட்டினாள் வனஜா. பிறந்தநாள் கேக் வெட்டி முடிந்து, வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டின் ஹாலில் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த நேரம்.

அந்தக் கொலுசைப் போட்டவர் டோரீன் அத்தை. வனஜாவின் கணவன் ஜாய்சனைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவர். கோலார் தங்கவயலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆகி, இப்போது ஆடுகோடியில் தனியாக இருக்கிறார்.

"வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும்..." என்று மெல்ல இழுத்தான் ஜாய்சன்.

"நல்ல வெள்ளி இப்படியா கறுக்கும்? இதோ, எங்கப்பா கொண்டுவந்தது. பார்த்தாலே தெரியல?"

பிடிக்காத கல்யாணம் என்று முகம் கொடுக்காமலே இருந்த அப்பா கோவிந்தராஜன், பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குத்தான் முதல் தடவையாகப் படியேறி வந்திருந்தார். வெறுங்கையோடும் வரவில்லை. வனஜாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஜாய்சனின் நண்பன் பரத் சும்மா இருப்பானா? இரண்டு கொலுசையும் வாங்கி அத்தையின் கையில் வைத்தான்.

"டீச்சர், உங்க சப்ஜெக்ட்தானே? எது அசல், எது டூப்புன்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க!"

அத்தை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். புதுக் கொலுசை நகத்தால் சுண்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிமிர்ந்து கோவிந்தராஜனைப் பார்த்தார். அவர் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"என்னோடதுதாம்பா டூப்பு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்."

"கெமிஸ்ட்ரி டீச்சரையேவா!"

ஹாலே சிரித்தது. அத்தையும் சேர்ந்து சிரித்தார். கோவிந்தராஜன் மட்டும் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இந்தாங்க, கடையில குடுத்து மாத்திக்குங்க" என்று கறுத்த கொலுசை நீட்டினாள் வனஜா. அத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன் கீழே கடைக்குப் போய்வந்த அத்தை, சமையலறையில் வனஜாவின் கையில் ஒரு சின்ன பாட்டிலைத் திணித்தார். நிறமே இல்லாத நெயில் பாலிஷ்.

"புதுக் கொலுசுக்கு உள்பக்கமா இதைப் பூசி, நல்லாக் காஞ்சப்புறம் போடும்மா. குழந்தை தோலு."

எங்கப்பா போட்டது பளபளக்கிறது என்று வயிற்றெரிச்சல், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள் வனஜா. பாட்டில் குப்பைக்கூடைக்குப் போனது.

அத்தையை வழியனுப்ப லிஃப்ட் வரைக்கும் போனது கோவிந்தராஜன்தான். அப்பா இவ்வளவு மாறிவிட்டாரே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அதோடு விட்டாளா? "உங்க அத்தை பார்வையே சரியில்ல. அடிக்கடி வரச் சொல்லாதீங்க" என்று ஜாய்சனிடம் ஓதினாள். அவன் என்ன சொன்னானோ, எப்படிச் சொன்னானோ, அத்தை வருவதை நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நாளில் குழந்தையின் கணுக்காலைச் சுற்றிச் சிவந்து தடித்தது. சொறிந்து சொறிந்து அழுதது.

"அந்தக் கறுப்புக் கொலுசு போட்ட வினை" என்று திட்டிக்கொண்டே தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் வித்யாலட்சுமி காலைப் பார்த்தார், கொலுசைத் திருப்பிப் பார்த்தார்.

"முதல்ல இதைக் கழட்டுங்க. இது வெள்ளி இல்ல. நிக்கல் பூச்சு."

"இல்ல டாக்டர், கறுத்துப்போனது வேற. இது பளபளன்னுதானே இருக்கு!"

"அதுக்குத்தாம்மா நிக்கல் பூசறாங்க, லேசுல மங்காது. ஆனா வேர்வை பட்டா சில பேர் தோலுக்கு ஆகாது, இப்படித்தான் தடிக்கும். வெள்ளி அப்படி இல்ல. காத்துல இருக்கற கந்தகத்துக்கே கறுத்துடும், ஆனா தோலைப் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. தேச்சுத் துடைச்சா பழையபடி ஆயிடும்."

களிம்பு எழுதிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "கழட்ட மனசில்லாதவங்க உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷாவது பூசிக்குவாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

வனஜா குனிந்து குழந்தையின் காலிலிருந்து கொலுசைக் கழற்றினாள்.

ஆட்டோவில் ஏறியதும் போன் போட்டாள்.

"அத்தை, உங்களுக்கு அன்னிக்கே தெரியும் இல்ல?"

"பாப்பா கால்ல தடிச்சிடுச்சா? ஐயோ, இப்ப எப்படிம்மா இருக்கு?"

"ஏன் அத்தை சொல்லல? எல்லாரும் சிரிச்சாங்களே... நானும் சிரிச்சேனே!" வனஜா உடைந்து அழுதாள்.

"அழாதேம்மா. அவரு கையில என்ன கஷ்டமோ, முடிஞ்சதை வாங்கிட்டு வந்திருந்தாரு. நான் அசலைச் சொல்லியிருந்தா, மறுபடி உன் வாசப்படி மிதிச்சிருப்பாரா?"

எல்லோர் எதிரிலும் கொலுசைத் தூக்கிக் காட்டிய கை கூசியது வனஜாவுக்கு.

"ஞாயித்துக்கிழமை அந்தக் கொலுசை எடுத்துட்டு வாங்க அத்தை. அப்பாவும் வர்றாரு. அவர் முன்னாடியே உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"வேணாம்மா, வேணவே வேணாம்!" அத்தை பதறினார். "அன்னிக்கு லிஃப்ட்கிட்ட நின்னு, ஒரு வார்த்தை பேசாம என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு உங்கப்பா. மக முன்னாடி இன்னொரு தடவை அவரைக் கும்பிட வச்சிடாதே."