ஏழாம் பாரம்

போட்டுக் குடுத்துட்டா. சந்தேகமே இல்லை.

முதலாளியம்மாவின் அறையிலிருந்து பாரக்கா மூக்கைத் துடைத்தபடி வெளியே வருவதைப் பார்த்ததும் மேஸ்திரி அப்படித்தான் முடிவு கட்டினார்.

பாரக்கா என்பது பைண்டிங் கூடத்தில் வைத்த பட்டப்பெயர். அச்சாகி, மடித்து வரும் தாள்கட்டுக்குப் பாரம் என்று பெயர். ஒன்று, இரண்டு என்று அடியில் எண் போட்டிருக்கும். அதைப் பார்த்து வரிசையாக எடுத்து அடுக்கினால் புத்தகம். அடுக்கி அடுக்கியே அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது.

போன வாரம் மேசையில் இடமே இல்லை. கதை, நாவல், சரித்திரம், சமூக அறிவியல் என்று எல்லாம் கலந்துகட்டி வேலை. பள்ளிக்கூடத்துக்கான சமூக அறிவியல் ஒரு வரிசை, பக்கத்திலேயே ஒரு பேய் நாவல். அளவும் ஒன்று, தாளும் ஒன்று. சுமை தூக்குகிற ஆள் வரவில்லையென்று மேஸ்திரியே கட்டுகளைத் தூக்கிவந்து போட்டார். சும்மா போட்டாரா? தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, மச்சினனோடு சண்டை போட்டபடி போட்டார். நாவலின் ஏழாம் பாரம், சமூக அறிவியலின் ஏழாம் பாரம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்று காலை பள்ளிக்கூடத்திலிருந்து போன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து நகரசபையின் கடமைகளை வாய்விட்டுப் படித்திருக்கிறாள். குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து கழுத்தைப் பிடிக்கிறது. பாதி வகுப்பு அழுததாம். மீதி வகுப்பு, "அப்புறம் என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டதாம்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான், மாட்டிக்கொண்டது அடுத்தவனாக இருந்தால்.

முதலாளியம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, கட்டிங் மிஷின். சத்தமே வராது, துண்டு விழுந்துவிடும். பசை போடுகிறவரை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர் பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

மேஸ்திரிக்கு மூத்தவள் காலேஜில், சின்னவன் பள்ளிக்கூடத்தில். இந்த வயதில் வெளியே போனால் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? கையிலிருந்த ஊசியை மேசையில் வைத்துவிட்டார்.

பாரக்கா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பயப்படாதீங்க மேஸ்திரி. ஒண்ணும் ஆகாது."

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"கட்டைத் தூக்கிட்டு வந்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும். அதான் சொன்னேன்."

"உள்ள என்னக்கா பேசினீங்க?"

"அதை விடுங்க. சாப்பிட்டீங்களா? முகமே சரியில்லையே."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிறாள் என்றுதான் மேஸ்திரிக்குத் தோன்றியது. பார்த்திருக்கிறாள், போய்ச் சொல்லியிருக்கிறாள், இப்போது சாப்பிட்டாயா என்று வேறு கேட்கிறாள்.

அறைக்குள் மணி அடித்தது. மேஸ்திரியைத்தான் கூப்பிட்டார்கள்.

"வாங்க மேஸ்திரி. உட்காருங்க."

உட்காரச் சொன்னதே பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. மேசைமேல் அந்தச் சமூக அறிவியல் புத்தகம், கிணற்றுப் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"இந்த ஏழாம் பாரம் விஷயமா..." என்று முதலாளியம்மா ஆரம்பித்தார்.

உண்மை மேஸ்திரியின் தொண்டைவரைக்கும் வந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாரக்கா நிற்பது தெரிந்தது. வந்த உண்மை அப்படியே இறங்கிப் போய்விட்டது.

"அக்காதாம்மா," என்றார் முந்திக்கொண்டு.

"அக்காவா?"

"என் கண்ணால பார்த்தேன். கட்டைத் தூக்கிட்டு வந்து வச்சதே அவங்கதான். என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருந்தா நம்பாதீங்கம்மா. அவங்களுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. பாவம்னு நான்தான் இத்தனை நாளா மூடி மறைச்சுட்டு வரேன்."

ஒரு பொய்யோடு நிறுத்தத்தான் நினைத்தார். பயம் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்க, அடுத்தடுத்துத் தானாக வந்தது.

முதலாளியம்மா புத்தகத்தை மூடினார்.

"உங்களைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை சொல்லல மேஸ்திரி."

மேஸ்திரி கதவுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப வந்து, தப்பு என்னோடதுதாம்மான்னு சொல்லி அழுதாங்க. நான் நம்பல. அந்தக் கைக்கு இந்த மாதிரி தப்பு வராது. யாரையோ காப்பாத்தப் பார்க்கிறாங்கன்னு புரிஞ்சுது. சரி, யாராயிருந்தா என்ன, வேற பாரம் வச்சுத் தைச்சுக் குடுத்துடலாம், இதுக்காக யாரையும் அனுப்ப வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"அம்மா... நான்..."

"நீங்க கண்ணால பார்த்தேங்கறீங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியலைங்கறீங்க. ரொம்ப நாளாவே தெரியலைன்னும் சொல்றீங்க. மேஸ்திரியே இப்படிச் சொன்ன பிறகு, நான் எப்படி அவங்களைப் பாரம் அடுக்க விடறது?"

மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தார்.

"வெளியிலதான் நிக்கிறாங்க," என்றார் முதலாளியம்மா. "நாளையிலிருந்து வர வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க."