மூன்று மணி வண்டி

“செத்துப்போச்சுங்க. காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ ஒரு முனகல்கூட இல்ல.” போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னபோது அவன் குரல் உடைந்தது.

“பதறாதீங்க,” என்றார் மறுமுனையில் மெக்கானிக். “மிஷினுக்கு உயிர் மோட்டார்லதான். மோட்டார் சூடா இருக்கா? கருகின வாடை வருதா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்போ மோட்டார் போகல. கரன்ட் அதுக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான். ஃபியூஸ், வயர் எல்லாம் ஒண்ணொண்ணாப் பாருங்க. நான் வர நாலு ஆயிடும்.”

“நாலா? மூணு மணிக்கு வண்டி வந்து நிக்கும்ங்க!”

கொட்டகை முழுக்க ஆப்பிள் கூடைகள். இன்னும் முப்பது கூடையை நசுக்கிக் கூழாக்கிப் பீப்பாயில் நிரப்பியாக வேண்டும். போன வாரம் ஜூஸ் கம்பெனி வண்டி ஒரு தடவை வெறுமனே திரும்பிவிட்டது. இன்றும் திரும்பினால் இனி இந்தப் பக்கமே வராது என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். சுவர்க் கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. வயரிலும் வெட்டு இல்லை. சுவரிலிருந்த சுவிட்சை மேலும் கீழுமாகத் தட்டினான். பத்துத் தடவை தட்டியிருப்பான். இயந்திரம் அசையவில்லை.

மிச்சம் இருந்தது காந்தம். இந்த இயந்திரத்தின் மூடி ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம் உண்டு. பழம் கொட்டும் வாயின் விளிம்பில் அதை உணரும் கருவி உண்டு. மூடினால் இரண்டும் நேருக்கு நேர் வரும்; அப்போதுதான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். திறந்தால் உள்ளே சுற்றும் பல் உருளை நின்றுவிடும்.

கூடைக்குக் கூடை மூடியைத் திறந்து மூடினால் பொழுது போய்விடும் என்று, அவன் வேறொரு காந்தத்தை அந்த விளிம்பிலேயே ஒட்டுநாடா போட்டு ஒட்டிவிட்டிருந்தான். மூடி எப்போதும் மூடியே இருப்பதாக இயந்திரம் நம்பிக்கொண்டிருக்கும். மூடியோ மூன்று மாதமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஒட்டுநாடாவைக் கட்டைவிரலால் அழுத்தினான். அடியில் வட்டமாக, கெட்டியாகத் தட்டுப்பட்டது. அதுவும் சரி. பிறகென்ன கேடு?

மனைவி உள்ளே வந்தாள். மேல் பொத்தான் இல்லாத கோட்டைக் கழுத்தருகே ஒரு கையால் கூட்டிப் பிடித்திருந்தாள்.

“மூடியைப் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன்.”

“மிஷினே ஓடலங்கிறேன், மூடியாம் மூடி! தலையில தீப்பிடிச்சவனைத் தொப்பி போட்டுக்கச் சொல்றா.”

“போன வாரம் சட்டைக் கையை இழுத்துச்சே, மறந்துட்டீங்களா?”

“சட்டையத்தானே இழுத்துச்சு? அதான் தெச்சுக் குடுத்துட்டியே. போ, வண்டி டிரைவருக்குப் போன் போட்டுக் கெஞ்சு. ஒரு அரை மணி நேரம் கேளு.”

ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டு வெளியே போனாள்.

மெக்கானிக் மறுபடி கூப்பிட்டார். “உருளையில கல்லு, கட்டை ஏதாவது சிக்கியிருக்கும், பாருங்க. ஆனா கையை விடுறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் பிடுங்கிக் கண்ணு முன்னாடி வெச்சுக்கங்க. பிடுங்கிட்டோம்னு நெனைக்கிறது வேற, பிடுங்குறது வேற.”

“செத்ததுக்கு என்னங்க பயம்?” என்று போனை அணைத்தான்.

முழங்கை வரை உள்ளே விட்டான். ஈரத் தோலும் காம்பும் விரலில் வழுக்கின. பல்லுக்குப் பல் தடவினான். கல் இல்லை, கட்டை இல்லை. கடிகாரத்தில் இரண்டே முக்கால். கண்ணில் நீர் முட்டியது. குளிர்ந்த இரும்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “ஓடிடு தாயே,” என்று கெஞ்சினான். “ஒரே ஒரு சுத்து சுத்திடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“கேட்டுட்டேங்க, மூணரை வரைக்கும் நிக்கிறேன்னு...” என்றபடி வந்தவள் வாசலிலேயே நின்றாள். மறுகணம் அவனைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவள், விளிம்பிலிருந்த ஒட்டுநாடாவை நகத்தால் பிய்த்தாள். கறுப்பாக ஒன்று கீழே விழுந்து உருண்டு அவன் காலடியில் நின்றது. கோட்டுப் பொத்தான்.

பொத்தானைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பார்த்தான்.

“நீயா? காந்தத்தை எடுத்துட்டு இதை வெச்சுட்டியா? அரை மணி நேரமா இங்க நான் துடிச்சிட்டிருக்கேன், பார்த்துட்டு நின்னியா? பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!”

அவள், இன்னும் உள்ளேயே இருந்த அவன் கையை இரு கையாலும் பற்றி மெல்ல வெளியே எடுத்தாள். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“சுவிட்சை இப்பத்தாங்க அணைச்சேன்.”