இறங்கினதும் சொல்றேன்மா

மெயில் கம்பெனியின் ஹெல்ப்லைனில் எனக்கு ‘மெயில் இறங்கல’ என்று காலையிலிருந்து ஒரே பாட்டைக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. கடைசியாகக் கூப்பிட்டவர் ஓர் அம்மா.

“புதுக் கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் மட்டும் இறங்க மாட்டேங்குது தம்பி. மத்ததெல்லாம் அது பின்னாடி நிக்குது.”

சர்வரில் பார்த்தேன். மூன்று வருடப் பழசு. மகள் பஸ்ஸிலிருந்து அனுப்பியதாம். தலைப்பு: ‘இறங்கினதும் சொல்றேன்மா.’

“பழசுதானேம்மா, அழிச்சிடட்டுமா? மத்ததாவது வரும்.”

“ஐயோ, வேணாம்பா. அந்த பஸ்தான் ஆத்துல விழுந்துடுச்சே. அவ கடைசியா எழுதினது.”

கொட்டாவியை அடக்கிக்கொண்டு, மெயிலுக்காகக் கம்ப்யூட்டர் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவைத்து மறுபடி முயலச் சொன்னேன்.

போனில் கதவு திறக்கும் சத்தம். யாரோ பையைக் கீழே வைத்தார்கள்.

“இறங்கிடுச்சாம்மா?”

“இறங்கிட்டா தம்பி. ரொம்பக் களைச்சிருக்கா. வச்சிடட்டுமா?”