உடன்பிறப்பு உள்ள எண்

"அண்ணை, ஆடி அமாவாசைக்கு அப்பான்ரை பேரோட பிரியந்தன்ரை பேரையும் ஐயரிட்டைக் குடுங்கோ. அவனுக்கும் எள்ளுந் தண்ணியும் இறைச்சு விடுவம்."

கனடாவில், ஸ்காபரோ அப்பார்ட்மென்டில், தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபடி பேபி சொன்னாள். பிரியந்தன் அவர்களுடைய கடைசித் தம்பி. ஈழத்து இறுதிப் போரில் காணாமல் போனவன்.

அண்ணன் இரத்தினவேலர் தேத்தண்ணியை உறிஞ்சினார். "சீனி காணாது."

"கதையை மாத்தாதேங்கோ. ஆர் கேட்டாலும் 'நாங்கள் சகோதரங்கள் நாலு பேர்' எண்டுறியள். நீங்கள், நான், அஜக்ஸிலை இருக்கிற அக்கா. மூண்டு எண்டு சொல்ல வாய் வராதோ?"

"எண்ணுற விஷயமெண்டால் உன்ரை மகளைக் கேள்."

மகள் சாம்பவி, அமேசன் காட்டு மொழி ஒன்றின் எண்களை யூனிவர்சிட்டியில் ஆராய்கிறவள். பக்கத்தில் இருந்த அவளிடம் இரத்தினவேலர் திரும்பினார்.

"பிள்ளை, நான் கப்பலிலை நிண்ட காலம் அமேசன் ஆத்தாலை போனனான். முதலையெல்லாம் விலகி வழி விட்டது. அங்கத்தைச் சனம் ஒண்டு, ரெண்டு, பிறகு கும்பல் எண்டுதான் எண்ணும்."

"புளுகாதேங்கோ மாமா. நீங்கள் கப்பலிலை ஏறினதே இல்லையெண்டு அம்மா சொன்னவ."

ஆதாரம் இல்லாமல் ஒரு சொல் சொல்லமாட்டாள் சாம்பவி.

"அந்தச் சனம் விரலைச் சோடி சேர்த்து எண்ணுறவை. நாலெண்டால் ரெண்டு சோடி. அதுக்குச் சொல் 'உடன்பிறப்பு உள்ளது'. மூண்டிலை ஒரு விரல் தனிச்சு நிக்குமெல்லே? அதுக்குச் சொல் 'உடன்பிறப்பு இல்லாதது'."

பேபி சீனிப் போத்தலும் கையுமாக அப்படியே நின்றாள்.

இரத்தினவேலர் தன் கையின் நாலு விரல்களை விரித்துப் பார்த்தார். சின்ன விரலை மெல்ல மடித்தார். மடித்ததைத் திரும்ப நிமிர்த்தினார்.

"உடன்பிறப்பு இருக்கோ இல்லையோ எண்டு தெரியாட்டி, பிள்ளை... அதுக்கு அவை என்ன எண் சொல்லுவினம்?"

இந்த முறை அவர் குரலில் கேலியோ பகிடியோ இல்லை.

அப்படியொரு எண்ணைச் சாம்பவி எங்கும் படித்ததில்லை. அம்மாவைப் பார்த்தாள். மாமாவின் விரலைப் பார்த்தாள்.

"நாலுதான், மாமா. செய்தி வாற வரைக்கும் நாலெண்டுதான் சொல்லுவினம்."

"புத்தகத்திலை இருக்கோ?"

"ஓம். இருக்கு."

இரத்தினவேலருக்கா புளுகு விளங்காது?

"மெய்தான் பிள்ளை. நான் போன நேரமும் அவை உப்பிடித்தான் சொன்னவை."

பேபி அவருடைய தேத்தண்ணிக்குள் சீனி போட்டுக் கலக்கினாள். கன நேரமாகக் கலக்கிக்கொண்டே நின்றாள்.

"அப்ப, ஐயரிட்டை அப்பான்ரை பேரை மட்டும் குடுங்கோ, அண்ணை."