ஜன்னலுக்குக் கீழே ஒரு நாய்

டியூஷன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்த தெருநாய், சுவரில் உட்கார்ந்திருந்த அணிலிடம் சொன்னது: "உள்ளே இங்கிலீஷ் நடக்குது. புதுசா பார்த்தா 'எ டாக்'காம். தெரிஞ்ச நாய்னா 'தி டாக்'காம்."

"அப்போ நீ எது?"

"போன மழையிலேர்ந்து இங்கதான் கிடக்கேன். ஆனா தெரிஞ்ச நாயைக் கூப்பிடுற மாதிரி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நான் 'எ'தான்."

உள்ளே ஜெபராணி தான் எழுதியதைப் படித்தாள். "ஐ சா தி டாக்."

"எந்த நாய்? முதல் வரியிலேயே 'தி' வராதும்மா. 'எ' போடு," என்றார் மிஸ்.

"நம்ம நாய் மிஸ். ஜன்னலுக்குக் கீழே படுத்திருக்குமே, அது."

மிஸ் எட்டிப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

நாய் எழுந்து நின்றது.

"என்னாச்சு?" என்றது அணில்.

நாயால் வாலாட்டுவதை நிறுத்த முடியவில்லை.